மறுபடி பார்த்தபோது தெரிந்தது

2011ஆம் ஆண்டு அயர்லாந்தின் லிமெரிக் பகுதியில் வசித்த விக்கி ஃபெலன் வழக்கமான பாப் ஸ்மியர் பரிசோதனைக்குப் போனார். கருப்பைவாயிலிருந்து எடுத்த செல்கள் கடல் கடந்து அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துக்குப் பயணமாயின. ஆஸ்டின் நகரத் தனியார் பரிசோதனைக்கூடம் ஒன்றில் யாரோ அவற்றை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, மாறுபாடு ஏதுமில்லை என்று எழுதினார்கள். மூன்று ஆண்டு கழித்து, 2014இல், ஃபெலனுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. அதன்பின் ஒரு தணிக்கைக்காக அந்தப் பழைய ஸ்லைடை எடுத்து மறுபடி பார்த்தார்கள். இந்த முறை தெரிந்தது.

2018 ஏப்ரல் 25 அன்று டப்ளின் உயர் நீதிமன்றத்தில் அந்தப் பரிசோதனைக்கூடம் அவருக்கு 25 லட்சம் யூரோ கொடுக்க முன்வந்தது. தவறு தன்னுடையது என்று அது ஒப்புக்கொள்ளவில்லை, பணம் மட்டும் தந்தது. இப்படியான சமரசங்களோடு வெளியே வாய் திறக்கக்கூடாது என்ற நிபந்தனையும் ஒட்டிக்கொண்டு வருவது வழக்கம். அதில் கையெழுத்துப் போட ஃபெலன் மறுத்துவிட்டார். நோய் திரும்பியிருந்தது, சில மாதங்கள்தான் மிச்சம் என்று டாக்டர்கள் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். அந்த நிலையிலும் விடாத பிடிவாதத்தால்தான் மற்ற பெண்களின் கதை வெளியே வந்தது. இருநூறுக்கும் மேற்பட்ட பெண்களின் பழைய ஸ்லைடுகள் இப்படித் திரும்பப் பார்க்கப்பட்டு வேறு முடிவு கிடைத்திருந்தது. அவர்களில் 162 பேருக்கு அது சொல்லப்படவேயில்லை.

தவறவிட்ட நோயறிதலுக்கு இழப்பீடு கேட்பது வக்கீல்களின் வேலை என்றுதான் நினைப்போம். தீர்ப்புகளைப் படித்தால் அங்கே பாதி இடத்தைச் செல்கள் பிடித்திருக்கின்றன. ஒரு செல் கெட்டுப்போக எவ்வளவு காலம் ஆகும்? கெட்டது கண்ணுக்கு எப்போது தெரியும்? தெரிந்ததும் வெட்டி எடுத்திருந்தால் அந்தப் பெண்ணுக்கு இன்று என்ன நிலைமை? இவற்றுக்கு விடை சொன்னால்தான் ஒரு யூரோகூடக் கைமாறும். நடக்காமல் போன ஒரு வாழ்க்கையைக் கணக்குப் போட்டுக் காட்டு என்று நீதிமன்றம் அறிவியலிடம் கேட்கிறது. அறிவியலிடம் பதில் இருக்கிறது. அது கிடைத்த வழி மட்டும் யாரும் பெருமைப்படக்கூடியதல்ல.

கருப்பைவாயில் இரண்டு விதமான செல்கள் சந்திக்கும் ஓர் எல்லை இருக்கிறது. உள்பக்கம் ஒற்றை அடுக்காக நிற்கும் உயரமான செல்கள், வெளிப்பக்கம் பல அடுக்கான தட்டைச் செல்கள். பூப்பெய்திய பின் இந்த எல்லை நகர்கிறது, ஒரு வகைச் செல் இருந்த இடத்தை மற்றொரு வகை பிடிக்கிறது. எச்.பி.வி. என்ற வைரஸ் குடியேற விரும்பும் இடம் இந்த மாறும் பகுதிதான். ஜெர்மானிய விஞ்ஞானி ஹெரால்ட் சூர் ஹாவ்சனின் குழு 1983இலும் 1984இலும் இந்த வைரஸின் 16ஆம், 18ஆம் வகைகளைக் கருப்பைவாய்ப் புற்றுக் கட்டிகளிலிருந்து பிரித்தெடுத்தது. அதற்காக 2008இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. உலகின் கருப்பைவாய்ப் புற்றுநோய்களில் பத்துக்கு ஏழு இந்த இரண்டு வகைகளால் வருபவை.

வைரஸ் வந்த எல்லாருக்கும் நோய் வருவதில்லை. பெரும்பாலோர் உடலில் ஓரிரு ஆண்டுகளில் தானே ஒழிந்துவிடும். ஒழியாமல் தங்கிவிட்ட சிலரிடம் அது இ6, இ7 என்ற இரண்டு புரதங்களைச் செய்கிறது. செல் கட்டுக்கடங்காமல் பெருகுவதைத் தடுக்கும் பி53, ஆர்பி என்ற புரதங்களை இவை செயலிழக்கச் செய்கின்றன. பிறகு செல்லின் உட்கரு பருக்கிறது, கறுக்கிறது, உருவம் கோணுகிறது. முதலில் அடித்தளத்தில் சில அடுக்குகள் மட்டும், பிறகு முழுத் தடிமனும். மூன்றாம் நிலை முன்புற்று என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். அடித்தளச் சவ்வைத் துளைத்து உள்ளே இறங்கும்வரை அது புற்றுநோய் இல்லை. வைரஸ் நுழைந்ததிலிருந்து அந்த இறக்கம்வரை பொதுவாகப் பத்து, பதினைந்து ஆண்டுகள், சிலருக்கு அதற்கும் மேல். மனிதப் புற்றுநோய்களில் இவ்வளவு நீண்ட முன்னறிவிப்புக் கொடுப்பவை சிலவே.

ஸ்மியர் பரிசோதனை நிற்பது இந்த மெத்தனத்தின் மேல்தான். கிரேக்கத்தில் பிறந்து நியூயார்க்கில் வேலை பார்த்த ஜார்ஜ் பாப்பனிகோலோ செல்களை எடுத்துக் கண்ணாடியில் தடவிப் பார்க்கும் முறையை 1928இல் முதன்முதலாக அறிவித்தார். அப்போது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1940களில்தான் அது மருத்துவத்துக்குள் நுழைந்தது. அவருடைய மனைவி ஆண்ட்ரோமாக்கி ஆண்டுக்கணக்காகத் தன் செல்களையே ஆய்வுக்குக் கொடுத்துவந்தார் என்பதைப் பாடப்புத்தகங்கள் ஏனோ ஒரு வரிக்கு மேல் சொல்வதில்லை.

தடவிய ஸ்லைடில் ஐம்பதாயிரத்திலிருந்து மூன்று லட்சம் செல்கள்வரை இருக்கும். மாறுபட்டவை அதில் சில நூறாக இருக்கலாம், நெல் குவியலில் நாலைந்து பதர் போல ஒரு கைவிரல் எண்ணிக்கையிலும் இருக்கலாம். இதைப் பார்ப்பவர் பெரும்பாலும் டாக்டர் அல்ல, இதற்கென்று பயிற்சி பெற்ற டெக்னீஷியன். ஸ்லைடை வரிவரியாக நகர்த்தி ஒவ்வொரு பரப்பையும் பார்த்துக்கொண்டே போக வேண்டும். நாளெல்லாம் பார்த்தாலும் பெரும்பாலான ஸ்லைடுகள் இயல்பானவையே.

இங்கேதான் கண்ணுக்குப் பின்னால் இருக்கும் மூளை சதி செய்கிறது. ஹார்வர்டைச் சேர்ந்த ஜெரமி வுல்ஃப் குழுவினர் 2005இல் நேச்சர் இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். திரையில் கலைந்து கிடக்கும் பொருட்களுக்கு நடுவே குறிப்பிட்ட ஒன்றைத் தேட வேண்டும். பாதிப் படங்களில் அது இருக்கும்படி வைத்தால் நூற்றுக்கு 7 முறைதான் தவறவிட்டார்கள். நூறு படங்களில் ஒன்றில் மட்டும் வைத்தால், அது இருந்த படங்களில் நூற்றுக்கு 30 முறை தவறவிட்டார்கள். தேடும் பொருள் அதேதான், கண்ணும் அதேதான். அபூர்வமாகிவிட்டால் ‘இல்லை’ என்று முடிவு கட்டி அடுத்ததற்குப் போக மூளை அவசரப்படுகிறது. கருப்பைவாய் ஸ்கிரீனிங் என்பது அபூர்வமானதைத் தேடும் வேலையேதான்.

அதோடு கூலிக்கணக்கும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை அமெரிக்கா 1987இல் பார்த்தது. வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பத்திரிகையாளர் வால்ட் போக்டானிச், ஸ்லைடுக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்து ஆட்களைப் பிழிந்த பரிசோதனைக்கூடங்களை அம்பலப்படுத்தி எழுதினார். மறு ஆண்டு அவருக்குப் புலிட்சர் பரிசும் நாட்டுக்கு ஒரு சட்டமும் கிடைத்தன. ஒருவர் 24 மணி நேரத்தில் 100 ஸ்லைடுகளுக்கு மேல் பார்க்கக்கூடாது என்ற வரம்பு அந்தச் சட்டத்தின் வழியாக வந்ததுதான். நூறே அதிகம் என்பது என் எண்ணம்.

வரம்பு போட்டாலும், நல்ல ஆட்களை வைத்தாலும், இந்தச் சோதனை தவறவிடும். அயர்லாந்து சுகாதாரத் துறையே பெண்களுக்குச் சொல்லும் கணக்கு இது: ஆயிரம் பேரைச் சோதித்தால் சுமார் 20 பேருக்கு மாறுபட்ட செல்கள் இருக்கும், செல்லைக் கண்ணால் பார்க்கும் முறை அதில் 15 பேரைப் பிடிக்கும். மீதி ஐந்து பேரைப் பிடிக்கத்தான் மூன்று அல்லது ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை திரும்பக் கூப்பிடுகிறார்கள். நோயின் மெத்தனம் அடுத்த வாய்ப்பைக் கொடுக்கும் என்ற நம்பிக்கையில் கட்டிய ஏற்பாடு அது. ஆக, ‘இயல்பு’ என்று எழுதப்பட்ட பெண்ணுக்குப் பின்னால் புற்றுநோய் வந்தது என்பது மட்டும் எவருடைய கவனக்குறைவையும் நிரூபிப்பதில்லை. செல்லே ஸ்லைடில் ஏறாமல் போயிருக்கலாம். ஏறியும் வேறெதையோ ஒத்திருந்திருக்கலாம். அல்லது பளிச்சென்று தெரிந்தும் பார்த்தவர் கோட்டை விட்டிருக்கலாம். இந்த மூன்றில் கடைசிக்குத்தான் இழப்பீடு.

மூன்றையும் பிரித்துக் காட்டும் சாட்சி அந்தக் கண்ணாடித் துண்டு. நோயாளி சொன்ன வலியை டாக்டர் காதில் வாங்கவில்லை என்ற வழக்கில் அன்று நடந்த பேச்சை யாரும் திரும்ப ஓட்டிப் பார்க்க முடியாது. ஸ்லைடில் முடியும். சாயம் ஏற்றி, மேலே மெல்லிய கண்ணாடி ஒட்டி வைத்த செல்கள் ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கின்றன. அன்று பார்த்தவர் கண்டதை அப்படியே இன்று இன்னொருவர் பார்க்கலாம்.

ஆனால் அப்படியே அல்ல. அன்று பார்த்தவருக்கு அது நூற்றில் ஒரு ஸ்லைடு. இன்று பார்ப்பவருக்கு அது புற்றுநோய் வந்த பெண்ணின் ஸ்லைடு. விடை தெரிந்தபின் எல்லாச் செல்லும் சந்தேகத்துக்குரியதாகத் தெரியும். இதைத் தவிர்க்க, அந்த ஸ்லைடை மற்ற பல ஸ்லைடுகளுக்கு நடுவே அடையாளம் மறைத்துக் கலந்து, எதைத் தேடுகிறோம் என்று தெரியாத ஒருவரிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லலாம். எதிர்த்தரப்பு வக்கீல்கள் வழக்கமாக இதைத்தான் கேட்பார்கள், கேட்பதில் நியாயமும் உண்டு. அயர்லாந்தில் பின்னாளில் 1,038 பெண்களின் ஸ்லைடுகளை பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர் கழகம் மறுபரிசீலனை செய்தபோது 308 பேர் விஷயத்தில் முதல் முடிவோடு ஒத்துப்போகவில்லை. அவர்களில் 159 பேர் நோயைத் தடுக்கவோ முன்பே கண்டுபிடிக்கவோ கிடைத்த வாய்ப்பை இழந்தவர்கள் என்று அது மதிப்பிட்டது. அதே அறிக்கை, இந்த ஸ்கிரீனிங் திட்டத்தைப் பெண்கள் நம்பலாம் என்றும் சொன்னது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதைப் பாதிக்கப்பட்டவர்களிடம் போய் விளக்குவது யாருக்கும் எளிதல்ல.

சட்டம் இந்தச் சிக்கலை நேருக்கு நேர் சந்தித்தது இங்கிலாந்தின் கென்ட் பகுதியில். கேன்டர்பரி மருத்துவமனையில் 1990களின் தொடக்கத்தில் படிக்கப்பட்ட ஸ்லைடுகளில் பிழை மலிந்திருப்பது தெரிந்து, 90 ஆயிரத்துக்கும் மேற்பட்டவை திரும்பப் பார்க்கப்பட்டன. புற்றுநோய் வந்த மூன்று பெண்கள் தொடுத்த வழக்கில் 1999இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்த ஸ்லைடில் என்ன தெரிகிறது? தகுதியான ஒரு டெக்னீஷியன் அதைக் காணாமல் விட்டிருக்க முடியுமா? கண்டபின் ‘இயல்பு’ என்று எழுதியிருக்க முடியுமா? இப்படிக் கேள்வியை உடைத்துக்கொண்டு, கடைசிக் கேள்விக்கு ஒரு அளவுகோலையும் ஏற்றுக்கொண்டது. முழு நிச்சயம் இருந்தால் ஒழிய இயல்பு என்று எழுதக்கூடாது. ஸ்மியர் பார்ப்பவர் நோயைக் கண்டுபிடிப்பவர் அல்ல, ஐயத்தைக் கண்டுபிடிப்பவர். ஐயம் வந்தால் மேலே அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் அவர் வேலை.

இருபது ஆண்டு கழித்து இதே வாசகம் டப்ளினில் புயலைக் கிளப்பியது. ரூத் மாரிஸி என்ற பெண்ணின் ஸ்மியர்கள் 2009இலும் 2012இலும் எடுக்கப்பட்டவை. புற்றுநோய் 2014இல் தெரிந்தது. 2019 மே மாதம் நீதிபதி கெவின் கிராஸ் அவருக்கும் கணவருக்கும் 21 லட்சம் யூரோ வழங்கினார். முதல் ஸ்லைடைப் படித்ததில் குவெஸ்ட் டயக்னாஸ்டிக்ஸ் என்ற பரிசோதனைக்கூடம் கவனக்குறைவாக இருந்தது என்றார். இரண்டாவதில் மெட்லேப் பேதாலஜி என்ற கூடத்தின் பிழை வேறு மாதிரியானது. படிக்கப் போதுமான செல்கள் அந்த ஸ்லைடில் இருக்கின்றனவா என்று முறையாகச் சரிபார்க்கவில்லை. திரவத்தில் கலந்து தயாரிக்கும் ஸ்லைடில் குறைந்தது 5,000 தட்டைச் செல்களாவது வேண்டும் என்பது சர்வதேச வழக்கம். செல் போதவில்லை என்றால் ‘இயல்பு’ என்ற சொல்லுக்கே இடமில்லை, திரும்ப எடுத்தாக வேண்டும். எண்ணாமல் விட்டதும் ஒரு தவறவிடல்தான்.

முழு நிச்சயம் வேண்டும் என்றால் இனி எவர் ஸ்லைடு பார்க்க வருவார், எல்லாவற்றையும் சந்தேகம் என்றே எழுதித் தள்ளுவார்களே, திட்டமே குலைந்துபோகும் என்று டாக்டர்கள் குரல் எழுப்பினார்கள். சுகாதாரத் துறையும் இரண்டு கூடங்களும் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. 2020 மார்ச்சில் தலைமை நீதிபதி ஃபிராங்க் கிளார்க், இது நீதிமன்றம் புதிதாகத் திணித்த விதி அல்ல என்று விளக்கினார். மருத்துவக் கவனக்குறைவை அளக்கும் பழைய அளவுகோல் அப்படியே இருக்கிறது. ஸ்மியர் பார்ப்பவர்கள் தங்கள் தொழிலுக்குத் தாங்களே வைத்துக்கொண்ட ஒழுக்கத்தைத்தான் நீதிமன்றம் திருப்பிக் காட்டியது. வெளிநாட்டுக் கூடத்துக்கு வேலையைக் கொடுத்துவிட்டதால் பொறுப்பும் போய்விட்டது என்று சுகாதாரத் துறை கைகழுவ முடியாது என்பதும் அந்தத் தீர்ப்பில் உறுதியானது. தீர்ப்பு வந்த நான்கு மாதத்தில் மாரிஸி இறந்துபோனார்.

தவறு நடந்தது என்று நிரூபித்தாலும் வழக்கு பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறது. அந்தத் தவறால் என்ன கெட்டது? பார்த்திருந்தால் பிழைத்திருப்பாரா? இதற்குப் பதில் சொல்ல, முன்புற்று உள்ள பெண்களை ஒன்றும் செய்யாமல் பல்லாண்டு விட்டுவைத்தால் எத்தனை பேருக்குப் புற்றுநோய் வரும் என்று தெரிய வேண்டும். எந்த நாகரிகமான நாட்டிலும் அப்படி ஒரு பரிசோதனைக்கு அனுமதி கிடையாது. ஆனாலும் அது நடந்தது.

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் உள்ள தேசிய மகளிர் மருத்துவமனையில் ஹெர்பர்ட் கிரீன் என்ற பேராசிரியர் இருந்தார். முன்புற்று என்பது உண்மையில் புற்றுநோயாக மாறுவதில்லை, பெண்களின் கருப்பையைத் தேவையில்லாமல் வெட்டுகிறார்கள் என்பது அவர் நம்பிக்கை. 1966இல் மருத்துவமனையின் ஒப்புதலோடு, பல பெண்களுக்கு முழுச் சிகிச்சை கொடுக்காமல் கவனித்துக்கொண்டே வரத் தொடங்கினார். ஸ்மியர் எடுப்பார்கள், சிறு திசு எடுப்பார்கள், மறுபடி வரச் சொல்வார்கள். தாங்கள் ஒரு ஆய்வில் இருப்பது அந்தப் பெண்களுக்குத் தெரியாது. அதே மருத்துவமனையின் பில் மெகிண்டோ, ஜாக் மெக்லீன், ரான் ஜோன்ஸ் ஆகியோர் 1984இல் ஒரு மருத்துவ இதழில் உண்மையை எண்களாக வைத்தார்கள். பெரிய சலனமில்லை. 1987இல் சாண்ட்ரா கோனி, ஃபிலிடா பங்கிள் என்ற இரு பெண்கள் மெட்ரோ பத்திரிகையில் எழுதியபின்தான் நாடு கொதித்தது. நீதிபதி சில்வியா கார்ட்ரைட் விசாரித்து 1988இல் அறிக்கை தந்தார்.

2008இல் அந்தப் பெண்களின் பதிவுகளை முழுக்கத் திரட்டி லான்செட் ஆன்காலஜி இதழில் வெளியிட்டார்கள். போதிய சிகிச்சை பெறாத 143 பெண்களில் 30 ஆண்டுக்குள் புற்றுநோய் வந்தது நூற்றுக்கு 31 பேருக்கு. முதல் இரண்டு ஆண்டுக்குள் மாறுபாடு நீடிப்பது தெரிந்தவர்களை மட்டும் எடுத்தால் நூற்றுக்கு 50. முறையாகச் சிகிச்சை பெற்ற 593 பெண்களில் அது நூற்றுக்கு ஒன்றைக்கூட எட்டவில்லை: 0.7.

கருப்பைவாய் வழக்குகளின் தராசு இந்த எண்கள்தான். ஸ்லைடு எடுத்த அன்று முன்புற்று நிலையில் இருந்தது என்று காட்டிவிட்டால், அன்றே கூம்பு வடிவில் கொஞ்சம் திசுவை வெட்டி எடுத்திருந்தால் புற்றுநோய் வந்தே இருக்காது என்பது ஏறக்குறைய நிச்சயம். உலகெங்கும் நிபுணர்களால் சாட்சிக்கூண்டில் நின்று இதைத் தயங்காமல் சொல்ல முடிகிறது என்றால், ஆக்லாந்தில் ஏமாற்றப்பட்ட பெண்களின் உடல்கள் அந்த உறுதியைக் கொடுத்திருக்கின்றன. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அறிவியலின் மேல் மரியாதையும் கோபமும் சேர்ந்தே வருகின்றன.

ஸ்லைடு எடுத்த அன்றே செல்கள் சவ்வைத் துளைத்து இறங்கியிருந்தால் கணக்கு சிக்கலாகிறது. உரிமையியல் வழக்கில் நூற்றுக்கு ஐம்பதைத் தாண்டினால் போதும், அது நிச்சயம் என்றே கொள்ளப்படும். தாண்டாவிட்டால் பூஜ்யம். இந்த விதியின் கொடுமையை 2005இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை தீர்த்த கிரெக் வழக்கில் பார்க்கலாம். அது வேறு புற்றுநோய். அக்குளில் வந்த கட்டியை டாக்டர் வெறும் கொழுப்பு என்று சொல்லி அனுப்பிவிட்டார், பல மாதங்கள் வீணாயின. குணமாகும் வாய்ப்பு நூற்றுக்கு 42 ஆக இருந்தது 25 ஆகக் குறைந்தது. டாக்டர் தவறு செய்தார் என்பதில் ஐயமில்லை. ஆனால் தொடக்கத்திலேயே 42தானே, பிழைத்திருக்க மாட்டார் என்பதுதானே அதிக வாய்ப்பு? மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் வழக்கு தோற்றது. இழந்தது 17 பங்கு உயிர், கிடைத்தது ஒன்றுமில்லை. சிறுபான்மைத் தீர்ப்பு எழுதிய இருவர் பக்கம்தான் என் மனம் சாய்கிறது. அயர்லாந்து உச்ச நீதிமன்றம் 2004இல் வேறொரு வழக்கில், முன்பே சிகிச்சை பெறும் வாய்ப்பை இழந்ததற்கே இழப்பீடு தரலாம் என்று சொன்னது. கடலின் அந்தப் பக்கம் ஒரு கணக்கு, இந்தப் பக்கம் ஒரு கணக்கு.

இனித் தொகை. வலிக்கும் வேதனைக்கும் அயர்லாந்தில் உச்ச வரம்பு உண்டு, 2020இல் அது 5 லட்சம் யூரோ என்பதை மாரிஸி வழக்கின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பே உறுதிசெய்தது. மிச்சமெல்லாம் தனித்தனிக் கணக்கு: சம்பாதித்திருக்கக்கூடிய சம்பளம், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் செலவு, குழந்தைகளை வளர்க்க ஆள், புது மருந்துகள். முன்புற்றை வெட்டியவருக்குக் கருப்பை மிஞ்சும், பிள்ளை பெறலாம். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுத்தவருக்குச் சினைப்பைகள் செயலிழக்கும், முப்பது வயதில் மாதவிடாய் நின்றுபோகும். அதற்கும் ஒரு தொகை எழுத வேண்டும். எம்மா விக் வஹூனா ஐந்து பிள்ளைகளின் தாய். 2018 ஜூனில் 75 லட்சம் யூரோவுக்கு அவர் வழக்கு முடிந்தது. குவெஸ்ட் பிழையை ஒப்புக்கொண்டது. அக்டோபரில் அவர் இறந்தபோது வயது 37.

தொகை ஒரே தடவைதான் எழுதப்படும். இன்று பிழைத்திருப்பவருக்கு ஐந்து ஆண்டு கழித்து நோய் திரும்பினால்? வழக்கு முடிந்தது முடிந்ததுதான். நீதிமன்றத்துக்கு அலையாமல் தீர்த்துக்கொள்ள அயர்லாந்து 2020இல் ஒரு தனித் தீர்ப்பாயம் அமைத்தபோது, பாதிக்கப்பட்ட பெண்களின் ‘221+’ குழு வாதாடியது இதற்காகத்தான். நோய் திரும்பினால் திரும்பி வரும் வழியைத் திறந்து வையுங்கள் என்றார்கள். அரசு திறக்கவில்லை. கருப்பைவாய்ப் புற்றுநோய் திரும்புவது எத்தனை சாதாரணம் என்பதைப் புற்றுநோய் டாக்டர்கள் எவரிடம் கேட்டாலும் சொல்வார்கள். சட்டம் நோயை ஒரு நிகழ்ச்சியாகப் பார்க்கிறது, உடல் அப்படிப் பார்ப்பதில்லை.

வழக்குத் தொடுக்கும் காலக்கெடு அயர்லாந்தில் இரண்டு ஆண்டு, இங்கிலாந்தில் மூன்று. எண்ணத் தொடங்குவது ஸ்லைடைத் தவறாகப் படித்த நாளிலிருந்து அல்ல, அது தனக்குத் தெரிந்த நாளிலிருந்து. பத்தாண்டு உறங்கும் நோய்க்கு இதைத் தவிர வேறு விதி பொருந்தாது. அதனால்தான் சொல்லாமல் விட்டது இவ்வளவு பெரிய குற்றமாயிற்று. ஃபெலனின் ஸ்லைடைத் தணிக்கை செய்தது 2014இல். அவருடைய டாக்டருக்குத் தெரிவித்தது 2016இல். அவரிடம் சொன்னது 2017இல். விசாரித்து அறிக்கை தந்த டாக்டர் கேப்ரியல் ஸ்காலி, ஸ்லைடு படித்த கூடங்களைவிடச் சொல்லாமல் விட்ட அமைப்பின் மேல்தான் கடுமையைக் காட்டினார். பெண்களின் கோபமும் அங்கேதான் இருந்தது. கண் தவறும் என்பதை அவர்கள் ஏற்றுக்கொள்ளத் தயாராக இருந்தார்கள். தங்கள் உடலைப் பற்றிய செய்தி தங்களைத் தவிர மற்ற எல்லாருக்கும் தெரிந்திருந்ததை ஏற்கவில்லை. 2019 அக்டோபர் 22 அன்று பிரதமர் லியோ வரத்கர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். ஸ்கிரீனிங் முடிவை மறுபரிசீலனை செய்யக் கேட்கவும் அதன் முடிவைத் தெரிந்துகொள்ளவும் நோயாளிக்குள்ள உரிமை 2023இல் சட்டமானது. ஃபெலன் அதற்கு முந்தைய நவம்பரில் காலமானார்.

இத்தனைக்கும் அடிப்படை, ஸ்லைடு இருந்தது என்பது. எல்லாச் சோதனையும் தடயம் விட்டுப் போவதில்லை. திண்டுக்கல் மாவட்டத்தில் 2000 முதல் நடந்த ஆய்வில் பயிற்சி பெற்ற நர்ஸுகள் கருப்பைவாயில் அசிட்டிக் அமிலம் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெளுக்கிறதா என்று வெறுங்கண்ணால் பார்த்தார்கள். ஒரே ஒரு முறை பார்த்ததிலேயே கருப்பைவாய்ப் புற்றுநோயால் வரும் சாவு 35 விழுக்காடு குறைந்தது. பரிசோதனைக்கூடமே இல்லாத ஊர்களுக்கு இதைவிட நல்ல செய்தி கிடைத்திருக்க முடியாது. ஆனால் அந்த வெளுப்பு சில நிமிடங்களில் மறைந்துவிடும். நர்ஸ் எழுதிய குறிப்புதான் மிஞ்சும், அவர் எதைப் பார்த்தார் என்று எவரும் திரும்பப் பார்க்க முடியாது.

பணக்கார நாடுகளும் வேறு வழியில் அதே இடத்துக்கு வந்துகொண்டிருக்கின்றன. அயர்லாந்தில் 2020 மார்ச் 30 முதல் மாதிரியில் முதலில் தேடுவது செல்லை அல்ல, வைரஸை. மெஷின் பார்க்கிறது, அதற்கு அலுப்பில்லை, தேடுவது அபூர்வமானது என்பதால் அவசரப்படுவதும் இல்லை. இருபதில் பதினைந்தைப் பிடித்த இடத்தில் இது பதினெட்டைப் பிடிக்கிறது. வைரஸ் இல்லை என்று வந்துவிட்டால் ஸ்லைடு தயாரிப்பதே இல்லை. தவறிய அந்த இரண்டு பேரில் ஒருவர் பத்தாண்டு கழித்து வழக்குத் தொடுத்தால், நிபுணர் மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்க்க எதுவும் இருக்காது. மெஷின் சரியாக அளவு பார்க்கப்பட்டதா, மாதிரி எடுத்த பிரஷ் உரிய இடத்தைத் தொட்டதா, குப்பி காலாவதி ஆவதற்குள் கூடத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பதிவேடுகளைப் புரட்ட வேண்டியிருக்கும்.